வெளி வளையத்து நேரம்

நடுப்பகல். நிழல்கள் எல்லாம் அவரவர் காலடியில் சுருண்டு கிடந்த நேரம். "ஹெட்லைட்டைப் போடுங்க" என்றார் மெதுவா சார். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்த பேக்கரிக்காரம்மா முதலில் வானத்தைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். அன்றைக்குத்தான் முதல் வகுப்பு. எதிர்க்கேள்வி கேட்கத் தைரியம் வரவில்லை. எது எந்தச் சுவிட்ச் என்று தெரியாமல் கைக்கு அகப்பட்டதைத் திருகினார். மழை இல்லை, தூறல்கூட இல்லை; காய்ந்த கண்ணாடியின் மேல் வைப்பர் கிறீச் கிறீச்சென்று போய்வந்துகொண்டிருந்தது.

மெதுவா சாரின் உடம்பு மட்டும்தான் அந்த வண்டிக்குள் இருந்தது. அவர் மனம் ஏழு மணி நேரம் பின்தங்கிய ஓர் ஊரில், ஒரு பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தது. அங்கே விடியற்காலை ஐந்து. தெருவிளக்குகள் இன்னும் அணையவில்லை. கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டுக்குள் கைகளை நுழைத்துக்கொண்டு அவர் மனைவி பேருந்துக்காகக் காத்திருந்தாள். அந்த இருட்டில் ஒரு வண்டி விளக்கில்லாமல் போனால் என்ன ஆவது? அதனால்தான் அப்படிச் சொல்லிவிட்டார். வைப்பர் சத்தம் அவரைத் திரும்ப இழுத்து வந்தது. "சும்மாதான். எந்தச் சுவிட்ச் எங்க இருக்குன்னு தெரியணும்ல" என்று சமாளித்தார். "முதல் நாளே இவ்வளவு சொல்லித் தர்றீங்களே சார்" என்று பேக்கரிக்காரம்மா நெகிழ்ந்துபோனார்.

மெதுவா சார் என்பது அவர் வீட்டில் வைத்த பெயர் இல்லை. இருபது வருடமாக ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி வண்டியில் இடது பக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, முதலாளி முதல் கல்லூரிப் பெண் வரை எல்லாரிடமும் அவர் சொல்லிவந்த ஒரே சொல் அது. மெதுவா. திருப்பத்தில் மெதுவா, மேட்டில் மெதுவா, பின்னால் எடுக்கும்போது ரொம்ப ரொம்ப மெதுவா. அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருந்தது. கற்றுக்கொள்கிறவர் தவறு செய்யப்போகிறார் என்று தோன்றினால் வாய் திறக்காமல் அதை அழுத்திவிடுவார். வண்டி குலுங்கி நிற்கும். அதற்குப் பிறகுதான் "மெதுவா" என்பார். திட்டமாட்டார், கத்தமாட்டார். கத்துகிற வாத்தியாரே தேவலை, எங்கே தப்பு என்றாவது தெரியும் என்று சிலர் அலுத்துக்கொள்வதும் உண்டு.

அவர் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று இருந்தது. வகுப்பு நடக்கும்போது கைப்பேசி ஒலியடக்கப்பட்டு, முன்னால் இருக்கிற பெட்டிக்குள் போய்விடும். அவருடையதும் சேர்த்துத்தான். வாத்தியார் எடுத்துப் பார்த்தால் நாளைக்கு மாணவனும் எடுத்துப் பார்ப்பான் என்பது அவர் கட்சி. மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில்கூடப் பெட்டி திறக்கவில்லை. இதற்காக மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதற்குக் கணக்கில்லை.

மனைவி நர்ஸ். பிள்ளைகள் இல்லை. ஐம்பது வயதை நெருங்கும்போது, வெளிநாட்டு முதியோர் இல்லம் ஒன்றிலிருந்து ஒரு வருட வேலைக்கான உத்தரவு அவளுக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவளுக்கு அந்த ஆசை. மாமியார் முடியாமல் இருந்தது, வீடு கட்டியது, அப்பா படுத்தது என்று ஒவ்வொன்றாக வந்து அதைத் தள்ளிவைத்துக்கொண்டே போனது. உத்தரவு வந்த அன்று அவள் அவர் எதிரே உட்கார்ந்து, "போகட்டுமா?" என்று கேட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டைப் பார்த்தபடி "உன் இஷ்டம்" என்றார்.

பெருந்தன்மை என்று நினைத்துத்தான் சொன்னார். அவள் முகம் சுருங்கியதைப் பார்த்து அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தட்டுகளைக் கழுவி அடுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்து அவள் சொன்னாள்: "புடவை எடுக்கப் போனா உன் இஷ்டம். வீடு எங்க கட்டலாம்னா உன் இஷ்டம். பிள்ளை பிறக்கல, டாக்டர்கிட்டப் போலாமா வேணாமான்னு கேட்டப்பவும் உன் இஷ்டம். நீங்க விட்டுக்குடுக்கறதா நினைச்சுக்கிறீங்க. எனக்கு என்னமோ நடுரோட்டுல என்னை இறக்கி விட்டுட்டுப் போற மாதிரிதான் இருக்கு." அவர் சொல்ல நினைத்தது வாய்வரை வந்தது. உள்ளே ஒரு கால் பிரேக்கை அழுத்திவிட்டது.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு அவள் அந்தக் கைக்கடிகாரத்தை வாங்கி வந்தாள். சாதாரணக் கடிகாரம்தான். ஆனால் கண்ணாடியைச் சுற்றி ஒரு வளையம். அந்த வளையத்திலும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்கள். பன்னிரண்டின் தலையில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. விரலால் தள்ளினால் வளையம் டிக் டிக்கென்று நகர்ந்தது. சாப்பாட்டு மேசையில் விளக்கைப் போட்டு, அவர் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு அவள் சொல்லிக்கொடுத்தாள். "அங்க ஏழு மணி நேரம் பின்னாடி. நமக்குக் காலையில ஏழுன்னா அங்க நடுராத்திரி பன்னெண்டு. அதனால இந்தச் சிவப்புப் புள்ளியை உள்ள இருக்கிற ஏழுக்கு நேரா நிறுத்திக்கணும். அவ்வளவுதான். முள்ளு ஒண்ணுதான். அதுக்கு உள்ள இருக்கிற நம்பரைப் பாத்தா உங்க நேரம். வெளிய இருக்கிற நம்பரைப் பாத்தா என் நேரம்."

"கழிச்சுப் பாத்துக்க மாட்டேனா?"

"கழிச்சா கணக்குதான் வரும். இதை வெறுமனே பாத்தாப் போதும்."

விமான நிலையத்திலும் அவர் சொன்னது "மெதுவா போய்ட்டு வா" என்பதுதான். விமானத்தில் போகிறவள் எப்படி மெதுவாகப் போவாள் என்று, வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவருக்கே தோன்றியது.

முதல் வாரமே சொதப்பினார். தலைக்குக் குளிக்கும்போது கடிகாரத்தைக் கழற்றித் துண்டால் துடைத்தபோது வளையம் நகர்ந்துவிட்டது. திரும்பச் சரிசெய்ய உட்கார்ந்தார். ஏழு மணி நேரம் பின்னால். ஆகவே பின்னால் தள்ள வேண்டும் என்று நினைத்து, பன்னிரண்டிலிருந்து ஏழு வீடு பின்னோக்கித் தள்ளினார். சிவப்புப் புள்ளி ஐந்தில் போய் நின்றது. ரிவர்ஸ் எடுக்கும்போது எந்தப் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்புவது என்று குழம்புகிறவர்களைப் பார்த்து இருபது வருடம் உள்ளுக்குள் சிரித்தவர் அவர். மறுநாள் காலை பத்து மணிக்கு வளையத்தைப் பார்த்தார். ஐந்து. சாயங்காலம், வேலை முடிந்து அறைக்கு வந்திருப்பாள் என்று கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு பாதாளத்திலிருந்து வருவதுபோல ஒரு குரல்: "யாருக்கு என்ன ஆச்சு?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. வேலை முடிஞ்சிருச்சா?"

"இங்க மணி மூணுங்க. ராத்திரி மூணு."

பிறகு அவள் சிரித்தாள். தூக்கத்தில் நனைந்த சிரிப்பு. பக்கத்துப் படுக்கையில் இன்னொரு நர்ஸ் தூங்குகிறாள் என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது அவருக்குக் கேட்டது. அந்தச் சிரிப்புக்காக இன்னொரு முறைகூட இந்தத் தவறைச் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது.

அதன்பிறகு ஒரு மாதம், காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சிவப்புப் புள்ளி ஏழுக்கு நேரே நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டார். வளையத்துக்குப் பகல் எது, இரவு எது என்று சொல்லத் தெரியாது. அதை அவரே பழகினார். தன் காலை வெயிலில் பல் துலக்கும்போது அவள் போர்வையை இழுத்து மூடுகிறாள். தனக்கு வியர்க்கத் தொடங்கும்போது அவளுக்கு விடிகிறது. தான் விளக்கேற்றும்போது அவள் முழு வெளிச்சத்தில் யாரோ ஒரு முதியவரைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்துத் தலை சீவிவிடுகிறாள். தொலைபேசியில் அவள் அவ்வப்போது சொன்ன துணுக்குகளை வைத்து அவர் அந்த ஊரைக் கட்டினார். கதவு திறக்கும்போது பெருமூச்சு விடுகிற பேருந்து. இல்லத்தின் பின்பக்கம் செங்கல் சுவர். சுவர் ஓரம் ஒரு பெஞ்சு. இடைவேளையில் அவள் உட்காரும் இடம். எதிரே ஒரு மரம். அதற்குப் பெயர் அவளுக்கும் தெரியாது, அதனால் அவரும் அதற்கு எந்த இலையையும் கொடுக்கவில்லை, வெறும் பச்சையாக விட்டுவைத்தார்.

பயிற்சி மைதானம் என்பது மூடிப்போன ஒரு மரச்சாமான் கடையின் வாகன நிறுத்தம். வெள்ளைக் கோடுகள் பாதி அழிந்துவிட்டன. பழைய டயர்களை நட்டு வைத்து எட்டுப்போடச் சொல்வார். சாயங்கால வகுப்புகளில் வண்டி அந்த டயர்களைச் சுற்றிச் சுற்றி வரும்போது, வெளி வளையத்தில் அவள் காலைப்பொழுது மெல்ல ஏறும். அவர் கண் கோட்டின் மேல் இருக்கும். மற்றதெல்லாம் செங்கல் சுவரின் ஓரம் இருக்கும். இங்கே மேற்கில் இறங்கிக்கொண்டிருந்த அதே வெயில்தான் அங்கே அவள் பெஞ்சில் ஏறுகிறது என்பது அவருக்கு ஒரு ரகசியம்போல இனித்தது. சாயங்காலத் தேநீரை அவள் காலைக் காப்பி நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். நாளடைவில் உள்ளே இருந்த எண்களைப் பார்ப்பதையே மறந்தார். மாணவர்கள் வருவதும் போவதும் தானாக நடந்தது. நேரம் என்று அவர் பார்த்தது வெளியே இருந்ததைத்தான். காலையில் சிவப்புப் புள்ளியைச் சரிபார்ப்பதும் நின்றுபோனது. பழகிவிட்டதே என்ற நினைப்பு.

வில்லங்கம் அங்கேதான் தொடங்கியது. அவளுக்கு இடைவேளை கால்மணி நேரம். அது வாராவாரம் மாறும்; ஒன்பதாக இருக்கும், பத்தரையாக இருக்கும். மற்ற நேரமெல்லாம் கைப்பேசி அலமாரிக்குள். "இந்த வாரம் பத்து மணி" என்று அவள் சொன்னால், வளையத்தில் முள் பத்தைத் தொடும்போது அவர் அழைப்பார். சில நாள் சரியாகக் கிடைப்பாள். சில நாள் மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடும். அவர் வண்டியின் மீது சாய்ந்துகொண்டு, கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு, அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலையாக இருக்கும் என்று நினைப்பார். அப்புறம், புதுச் சிநேகிதிகள் கிடைத்திருப்பார்கள் என்று நினைப்பார். அப்புறம் நினைக்கக்கூடாததை நினைத்து, கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் வண்டியை முழுக்கத் துடைத்துவிடுவார்.

விடுமுறை நாளில் அவளே கூப்பிட்டபோது பேச்சு அதில் வந்து நின்றது.

"வியாழக்கிழமை பெஞ்சிலயே உக்காந்திருந்தேன். நீங்க கூப்பிடல."

"கூப்பிட்டேனே. நீதான் எடுக்கல."

"எப்ப? நான் உள்ள போய் அரைமணி கழிச்சு. அது என் நேரமாங்க? உங்களுக்குச் சௌகரியப்பட்ட நேரம்."

"வாட்ச்சைப் பாத்துதான் கூப்பிட்டேன்."

"வாட்ச்சு பொய் சொல்லுதா, நான் பொய் சொல்றேனா?"

வாழ்நாளில் ஒரு வகுப்புக்கும் தாமதமாகப் போகாதவர் அவர். தன் நேரத்தைச் சந்தேகப்பட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவளைச் சந்தேகப்படவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, "சரி விடு" என்றார். அவளும் விட்டாள். அப்படி விட்டுவிட்டு, விட்டுவிட்டு, பேச்சு மெலிந்துகொண்டே வந்தது. சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அங்கே குளிரா, கொஞ்சம். பதினோரு மாதத்தில் அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் நலம் விசாரிக்கிற தூரத்து உறவினர்கள் மாதிரி ஆகியிருந்தார்கள். அவருக்கு அது வலித்தது. யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. டயர்களிடமா சொல்ல முடியும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டாள். குரல் நிதானமாக இருந்தது. நோயாளியின் உறவினர்களிடம் பேசும் குரல்.

"இன்னும் ரெண்டு வருஷம் இருக்கச் சொல்றாங்க. நாளைக்குள்ள பதில் சொல்லணும். இடைவேளை முடிஞ்சதும் மேனேஜர் ரூமுக்குப் போறேன். அதுக்கு முன்னாடி நீங்க கூப்பிடணும். பத்தரைக்கு."

"சரி."

"நான் இன்னும் முடிக்கல. என் இஷ்டம் எனக்குத் தெரியும்ங்க. அதைக் கேக்கல. உங்க இஷ்டம் என்னன்னு இத்தனை வருஷத்துல ஒரு தடவைகூட நான் கேட்டதில்ல. நாளைக்குச் சொல்லுங்க. இருன்னாலும் சரி, வான்னாலும் சரி. சொல்லலேன்னா, கூப்பிடலேன்னா, நான் கையெழுத்துப் போட்டுருவேன். அதுக்கப்புறம் வருத்தப்பட்டுப் புண்ணியம் இல்ல."

"இப்பவே..." என்று ஆரம்பித்தார்.

"இப்ப வேண்டாம். இப்ப சொன்னா பயத்துல எதையாவது உளறுவீங்க. ஒரு ராத்திரி யோசிச்சுட்டுச் சொல்லுங்க."

வைத்த கையோடு கடிகாரத்தைப் பார்த்தார். வெளி வளையத்தில் பத்தரை எங்கே விழுகிறது என்று விரலால் தேடினார். உள்ளே ஆறரைக்கு நேராக இருந்தது. நல்லது. பேக்கரிக்காரம்மாவுக்கு ஐந்திலிருந்து ஆறு வரை வகுப்பு. அதை முடித்து, மைதானத்து ஓரத்தில் வண்டியை நிறுத்தி, அரைமணி நேரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, நிதானமாகக் கூப்பிடலாம் என்று முடிவு செய்தார்.

அன்று ராத்திரியும் மறுநாள் முழுவதும் அவர் வாக்கியம் தேடினார். முதலில் அவள் முழங்கால் வலியில் ஆரம்பிக்கலாமா என்று பார்த்தார். பிறகு வீட்டுப் பின்பக்கத்துக் குழாய் ஒழுகுவது. பிறகு, உனக்கு அங்கே நல்ல மரியாதை இருக்கிறது, ஆனாலும், என்று ஒன்று. கண்ணாடி முன் நின்று சொன்னபோது ஒவ்வொன்றும் போய்ப்போய்க் கடைசியில் "உன் இஷ்டம்" என்ற சந்திலேயே திரும்பியது. முகம் கழுவிக்கொண்டு கிளம்பினார்.

பேக்கரிக்காரம்மா இப்போது எட்டுப்போடத் தேறிவிட்டார். ரிவர்ஸும் வரும். வராதது ஒன்றுதான்: ரவுண்டானா. ஐந்து சாலைகள் வந்து சேரும் அந்த வட்டத்துக்குள் நுழைந்துவிடுவார். வெளியே வரத்தான் தெரியாது. பக்கத்தில் எந்த வண்டி வந்தாலும் "நீங்க போங்க, நீங்க போங்க" என்று விட்டுக்கொடுத்து, உட்பக்கமே ஒட்டிக்கொண்டு சுற்றுவார். கடைசியில் மெதுவா சார் "இப்ப" என்பார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருவார். கடையில் அடுப்பு முன்னால் நின்று நான்கு பேரை வேலை வாங்குகிற மனுஷிதான். ரவுண்டானாவுக்குள் மட்டும் சின்னப் பெண்ணாகிவிடுவார்.

அன்றும் நுழைந்தார்கள். சாயங்கால வெயில் சாலை மட்டத்துக்கு இறங்கி, எல்லா வண்டிகளின் பக்கவாட்டிலும் ஒட்டியிருந்தது. மெதுவா சார் வளையத்தைப் பார்த்தார். ஒன்பதரையைத் தாண்டியிருந்தது. அவள் இப்போது மருந்துத் தட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போவாள். இன்னும் நேரம் இருக்கிறது. அவர் உதடுகள் லேசாக அசைந்தன. வாக்கியம் முக்கால்வாசி வந்துவிட்டதுபோல இருந்தது.

"சார், இன்னிக்கு நான் நல்லா ஓட்டுறேன்ல?" என்றார் பேக்கரிக்காரம்மா, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல்.

"ம்."

"எனக்கே தெரியும். சத்தமே இல்லையே."

"என்ன சத்தம்?"

"உங்க வாட்ச்சுதான். நீங்க வாயைத் திறந்து எதுவும் சொல்ல மாட்டீங்க. நான் அந்த வளையத்தை வச்சுத்தான் கண்டுபிடிப்பேன். ஏதாவது தப்பாப் பண்ணப் போறேன்னா டிக் டிக்னு சுத்துவீங்க. சரியாயிருச்சுன்னா திரும்ப இந்தப் பக்கம் சுத்துவீங்க. சனிக்கிழமை அந்த லாரி வந்து உரசப் பாத்துச்சே, அன்னிக்கு ஒரேயடியாச் சுத்திட்டு அப்படியே விட்டுட்டீங்க. சரி, நாம ஃபெயிலுன்னு நினைச்சுட்டேன்."

மெதுவா சார் தன் கைகளைப் பார்த்தார். இடது மணிக்கட்டின் மேல் வலது கை கவிழ்ந்திருந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையத்தின் விளிம்பைப் பிடித்திருந்தன. அவை எப்போது அங்கே போயின என்று அவருக்குத் தெரியாது. கையை எடுத்தார். சிவப்புப் புள்ளி ஏழுக்கு நேரே இல்லை. எட்டுக்கு நேரே, பிறந்ததே இங்கேதான் என்பதுபோல உட்கார்ந்திருந்தது.

ஒவ்வொரு திருப்பத்திலும், ஒவ்வொரு லாரியிலும், யாரோ ஒருவர் கிளட்ச்சை விட்ட ஒவ்வொரு குலுக்கலிலும் அவர் பயந்தது போய் அவள் நேரத்தின் மேல் விழுந்திருக்கிறது. நிம்மதியான நாட்களில் விரல்கள் தாமாகவே அதைத் திருப்பி வைத்திருக்கின்றன. அந்த நாட்களில் அவள் கிடைத்திருக்கிறாள். மற்ற நாட்களில் அவர் கற்பனையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் நிஜத்தில் எழுந்துபோயிருக்கிறாள். அல்லது அவர் அழைப்பார் என்று எதிரே இருந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்திருக்கிறாள். வாட்ச்சு பொய் சொல்லுதா, நான் பொய் சொல்றேனா என்று கேட்டாளே. வெட்கம் வந்து அவர் காதை அடைத்தது.

பல மாதம் கழித்து, உள்ளே இருந்த எண்களில் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். ஐந்தரையைத் தாண்டி முள் நன்றாக ஏறியிருந்தது. கழித்தார். அவள் சொன்ன கணக்குதான். பத்தரை போய்விட்டது. இடைவேளையில் பாதிக்குமேல் போய்விட்டது. அவள் இப்போது பெஞ்சிலிருந்து எழப் போகிறாள்.

"அம்மா, ஓரமா நிறுத்துங்க."

"எங்க சார் ஓரம்?" என்றார் பேக்கரிக்காரம்மா. இடது பக்கம் ஒரு பேருந்து. அதற்குப் பின்னால் இன்னொன்று. அவர்கள் வட்டத்தின் உள்விளிம்பில் இருந்தார்கள். மெதுவா சாரின் கால் பிரேக்கின் மேல் போனது. அழுத்தினால் பின்னால் வருகிறவர்கள் மோதுவார்கள். அழுத்தாமல் இருக்க அந்தக் காலுக்குத் தெரியாது.

அவர் குனிந்தார். இரண்டு கைகளாலும் தன் முழங்காலைப் பிடித்து, வேறு யாருடைய காலையோ நகர்த்துவதுபோல, பிரேக்கிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். பிறகு பெட்டியைத் திறந்தார்.

பேக்கரிக்காரம்மாவின் வாய் பிளந்தது. அவர் கைப்பேசியை வெளியே எடுப்பதை இந்த வண்டியில் இதுவரை யாரும் பார்த்ததில்லை. "சார், நான் என்ன பண்ணணும்?"

"ஓட்டுங்க."

"நீங்க 'இப்ப'ன்னு சொல்லணும்ல?"

"இல்ல. நீங்களே பாத்துக்குங்க. நான் பிரேக்குல இல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டு அந்த அம்மாள் அழுதுவிடுவார் போலிருந்தது. ஆனால் முதுகு நிமிர்ந்தது. அவர் அவள் எண்ணை அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடித்தது. ஒருமுறை, இருமுறை. வட்டத்தின் நடுவே இருந்த புல்வெளி கூடவே சுழன்று வந்தது. மூன்றாம் முறை. எடுக்கமாட்டாள் என்று அவர் நினைத்தபோது எடுத்தாள்.

"கதவுக்கிட்டப் போயிட்டேன்" என்றாள். மூச்சு வாங்கியது. திரும்பி ஓடி வந்திருக்க வேண்டும். "சொல்லுங்க."

பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது. அந்தப் பக்கமும் ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டுக் கதவைத் திறந்தது. அவர் பதினோரு மாதமாக மனதில் கேட்டுக்கொண்டிருந்த அதே பேருந்து.

"என்னங்க" என்றாள் அவள், குரல் மாறி. "வண்டி ஓடுற சத்தம் கேக்குது."

"ஆமா."

"கிளாஸ்ல இருக்கீங்களா?"

"ஆமா."

"பெட்டியில இருந்து போனை எடுத்தீங்களா?"

"ஆமா."

அவர் முழங்கால், குழாய், மரியாதை எல்லாவற்றையும் தேடினார். ஒன்றும் கையில் அகப்படவில்லை. தேடத் தேட அடியில் ஒன்றே ஒன்றுதான் கிடந்தது. அது எப்போதும் அங்கேதான் கிடந்தது.

"சீக்கிரம் வந்துடு" என்றார் மெதுவா சார்.

பேக்கரிக்காரம்மா சட்டென்று திரும்பி அவரைப் பார்த்தார்.

"ரோட்டைப் பாருங்கம்மா" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அந்தப் பக்கம், தூரத்தில், யாரோ அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இடைவேளை முடிந்திருக்க வேண்டும். அவள் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. பெஞ்சு கிறீச்சிட்டது, உட்கார்ந்தாளா, எழுந்தாளா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள்.

வண்டி வட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. வெயில் முன்கண்ணாடி வழியாக வந்து அவர் முகத்தில் விழுந்தது. அவர் பக்கத்து ஜன்னலுக்கு நகர்ந்தது. பின்னால் போய் இருவர் கழுத்தையும் தொட்டது. பேக்கரிக்காரம்மாவின் தோள் வழியாகச் சுற்றிக்கொண்டு மறுபடியும் முன்னால் வந்தது. இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருந்தன. வலது கையில் கைப்பேசி இருந்ததால் வளையத்தைத் தொட விரல்கள் இல்லை. அவர் வாயைத் திறந்தார்.